கையெழுத்துக்கு அப்புறம்…

2022 ஏப்ரல் மாதம். அமெரிக்க டி.வி.யில் இரண்டு மல்யுத்த நிகழ்ச்சிகள். இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டிக் கம்பெனிகள். டபிள்யூ.டபிள்யூ.ஈ. மேடையில் நெற்றி நிறையப் பட்டை, கழுத்தில் ருத்ராட்சம், நெஞ்சு வரை தாடி என்று ஒரு ஆஜானுபாகு வந்து எதிரில் நின்றவர்களைத் தூக்கிப் பந்தாடினார். பெயர் வீர் மஹான். சில நாள் கழித்து ஏ.ஈ.டபிள்யூ. மேடையில் விளக்குகள் அணைந்தன. மறுபடி எரிந்தபோது ஏழடி இரண்டங்குலத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பெயர் சத்னாம் சிங்.

இரண்டு பேருமே இந்தியர்கள். இரண்டு பேருமே மல்யுத்தம் செய்ய அமெரிக்கா போனவர்கள் இல்லை. முதலாமவர் போனது பேஸ்பால் ஆட. அவருடைய நிஜப் பெயர் ரிங்கு சிங். சத்னாம் போனது கூடைப்பந்து ஆட. இருவரைப் பற்றியும் ஏற்கெனவே படம் வந்தாகிவிட்டது. இரண்டு படங்களும் சுபம் போட்டு, கைத்தட்டலோடு முடிந்தன.

சுபம் போட்ட பிறகு கதாநாயகன் என்ன ஆனான் என்று கேட்கிற வழக்கம் நமக்கு இல்லை. டீக்கடை பெஞ்சில்கூட யாரும் கேட்பதில்லை. இந்த வாரம் கேட்டுப் பார்த்துவிடலாமே!

முதல் படம் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’. 2014-ல் டிஸ்னி வெளியிட்டது. இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான். கதை நிஜமாகவே நடந்தது. ஜே.பி.பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஏஜென்ட், ‘நூறு கோடி ஜனம் கிரிக்கெட் பந்தை எறிகிற நாட்டில், பேஸ்பாலை வேகமாக எறிய ஒரு கை கிடைக்காதா?’ என்று யோசித்து, இந்தியாவில் ஒரு போட்டி நடத்தினார். 2008-ல் அதில் ஜெயித்தவர் உத்தரப்பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங். அவரோடு தினேஷ் படேல் என்ற இன்னொரு ஈட்டிக்காரப் பையனையும் சேர்த்து அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார்கள். அந்த வருஷக் கடைசிக்குள் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. படம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

மறுபடி பார்க்க நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். படத்தில் யாருக்குக் கஷ்டம் வருகிறது? யார் மனம் திருந்துகிறார்? யாருக்குக் காதல் கைகூடுகிறது? எல்லாமே ஏஜென்டுக்குத்தான்! பையன்கள் அமெரிக்காவைப் பார்த்து மிரள்கிறார்கள், சாமி கும்பிடுகிறார்கள், கடைசியில் வேகமாக எறிகிறார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை விட்டுவிட்டுத் தரகரை மணையில் உட்காரவைத்த மாதிரி இருக்கிறது.

தரகரின் கதை கையெழுத்தோடு முடிந்துவிடும்தான். ஆட்டக்காரனின் கதை அன்றைக்குத்தானே தொடங்குகிறது? தினேஷ் படேலை 2010-லேயே அணி விடுவித்துவிட்டது. அவர் ஊர் திரும்பினார். ரிங்கு, பெரிய லீகுக்குக் கீழே இருக்கிற சின்ன லீகுகளில் வருஷக்கணக்கில் பந்து எறிந்தார். கையில் காயம், ஆபரேஷன், மறுபடி பயிற்சி. கடைசி வரை பெரிய லீகில் ஒரு பந்துகூட எறிய வாய்க்கவில்லை. 2018-ல் மல்யுத்தக் கம்பெனியில் சேர்ந்தார். அந்தப் பத்து வருஷம் ஒரு நல்ல படத்துக்குப் போதும். அதை யாரும் எடுக்கவில்லை.

இரண்டாவது படத்துக்கு வருவோம்.

‘ஒன் இன் எ பில்லியன்’. 2016-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த டாக்குமென்டரி. இயக்கியவர் ரோமன் கக்கோவ்ஸ்கி. தலைப்புக்கு அர்த்தம் ‘நூறு கோடியில் ஒருவன்’. அந்த ஒருவன் சத்னாம். பஞ்சாபில் பர்னாலா பக்கம் பல்லோ கே என்ற சின்னக் கிராமம். அப்பா பல்பீர் சிங்கும் ஏழடி ஆசாமி. கோதுமை வயல், மாவு மில் என்று பிழைப்பு. இளவயசில் ‘உன் உயரத்துக்குக் கூடைப்பந்து ஆடலாமே’ என்று நாலு பேர் சொல்ல, ‘வயலை யார் பார்ப்பது?’ என்று அவருடைய அப்பா தடுத்துவிட்டார். தனக்குக் கிடைக்காததை மகனுக்குக் கொடுக்க நினைத்த தகப்பன், பையனை லூதியானா கூடைப்பந்து அகாடமியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே அவரை வளர்த்துவிட்ட பயிற்சியாளர் எஸ்.சுப்ரமணியன்.

இந்த அப்பாவும் கிராமமும்தான் படத்தின் உயிர். அதற்காகவே ஒருமுறை பார்க்கலாம். உசிலம்பட்டி, மேலூர் பக்கம் எத்தனை அப்பாக்கள் இப்படி! ‘நான்தான் மாட்டோடும் வயலோடும் நின்னுட்டேன், நீயாவது போடா’ என்று சொல்லிப் பையனைப் பஸ் ஏற்றிவிடுகிற முகம் நமக்குத் தெரிந்த முகம். மொழி புரியாவிட்டாலும் அந்த முகம் புரியும்.

2010-ல் சத்னாமுக்கு வயது 14. ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் உதவித்தொகையில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இருக்கும் ஐ.எம்.ஜி. அகாடமிக்கு அனுப்பினார்கள். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. ஐந்து வருஷம் அங்கேயே வளர்ந்தார். 2015 ஜூன் 25, நியூயார்க் புரூக்ளினில் என்.பி.ஏ. டிராஃப்ட். 52-வது பெயராக அவரை டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அறிவித்தது. என்.பி.ஏ.வுக்குத் தேர்வான முதல் இந்தியர்! நம்ம பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. படத்தின் உச்சமும் அந்த இரவுதான்.

நான் படித்தது பி.காம். விளையாட்டைப் பார்க்கும்போதும் புத்தி பற்று-வரவு என்றுதான் போகும். அதனால் படம் சொல்லாத கணக்கைக் கொஞ்சம் எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது டிராஃப்டில் வருஷத்துக்கு 60 பேர். முதல் சுற்றில் 30, இரண்டாம் சுற்றில் 30. முதல் சுற்றில் வந்தவருக்குச் சம்பளம் உத்தரவாதம். காலை உடைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் முதல் சில வருஷங்களுக்குக் காசு வந்துவிடும். இரண்டாம் சுற்றுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ‘இந்தப் பையன் என்.பி.ஏ.வில் ஆடுவதாக இருந்தால் எங்களிடம்தான் ஆட வேண்டும்’ என்ற உரிமை மட்டும் அணியிடம் இருக்கும். நிலம் பார்க்க வருகிறவர் அட்வான்ஸ்கூடக் கொடுக்காமல், ‘வேற யாருக்கும் பேசி முடிச்சுடாதீங்க’ என்று சொல்லிவிட்டுக் கார் ஏறுகிறாரே, கிட்டத்தட்ட அதுதான். 52 என்பது இரண்டாம் சுற்றில் வருகிற எண்.

இப்போது தொகையைப் பாருங்கள். 2015-16 சீஸனில் என்.பி.ஏ.வில் சேரும் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் சுமார் 5 லட்சத்து 25 ஆயிரம் டாலர். அன்றைய ரேட்டில் 3 கோடி ரூபாய்க்கு மேல். அதற்கு அடுத்த படியில் இருந்த டி-லீகில் வருஷச் சம்பளம் சுமார் 13,000 முதல் 25,000 டாலர் வரை. எட்டு லட்சத்திலிருந்து பதினாறு லட்சம் ரூபாய். அமெரிக்காவில் அது பெரிய காசு இல்லை. சத்னாம் ஆடியது இந்த டி-லீகில், டெக்ஸாஸ் லெஜண்ட்ஸ் அணியில். அங்கேயும் பெரும்பாலான நேரம் பெஞ்ச்தான். என்.பி.ஏ. சீஸன் ஆட்டம் ஒன்றில் ஒரு நிமிஷம்கூட அவர் களம் இறங்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்கப் பையன்கள் பெரும்பாலும் கல்லூரி அணியில் ஆடி, அங்கே பழுத்துத்தான் என்.பி.ஏ.வுக்குப் போகிறார்கள். கல்லூரி அணியில் ஆட வேண்டுமானால் பள்ளிப் படிப்பில் தகுதி மதிப்பெண் வேண்டும். பதினாலு வயசில் பாஷையே தெரியாமல் போய் இறங்கிய சத்னாமுக்கு அந்தத் தகுதி கிடைக்கவில்லை. அதனால்தான் நேராக டிராஃப்ட். நாம் சாதனை என்று கொண்டாடிய அந்த இரவு, பாதிக்கு மேல் வேறு வழியில்லாததால் வந்த இரவு. படத்தின் மையமாக இருந்திருக்க வேண்டிய விஷயம் இது. மணிக்கணக்கில் பந்து போடப் பழக்கியவர்கள், படிப்புக்கு என்ன ஏற்பாடு செய்தார்கள்? கேள்வியை அழுத்திக் கேட்டிருந்தால் டாக்குமென்டரி. கேட்காததால் விளம்பரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

‘நூறு கோடியில் ஒருவன்’ என்ற தலைப்பையும் ஒரு வியாபாரியின் கண்ணால் வாசித்துப் பாருங்கள். அழுத்தம் ‘ஒருவன்’ மேல் இல்லை. ‘நூறு கோடி’ மேல்! சத்னாம் ஃப்ளோரிடா போன அதே 2010-ல்தான் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ், இந்தியக் கூடைப்பந்து சம்மேளனத்தோடு 30 வருஷ ஒப்பந்தம் போட்டது. 2011-ல் என்.பி.ஏ. மும்பையில் ஆபீஸ் திறந்தது. யாவ் மிங் என்ற ஏழரை அடி மனிதர் ஒருவரால் சீனாவே என்.பி.ஏ. பார்க்க உட்கார்ந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவிலும் ஒரு யாவ் மிங் கிடைத்தால்? வியாபாரத்தில் இதில் தப்பே இல்லை. ஆனால், யாவ் மிங் அமெரிக்கா போவதற்கு முன் சீனாவில் ஒரு முழுநேர லீகில் ஐந்து வருஷம் ஆடி, அங்கே சாம்பியன் ஆகிவிட்டுப் போனவர். நம்மிடம் அப்போது அப்படியொரு முழுநேர லீகே இல்லை. மரம் நடாமல் மாம்பழம் தேடியிருக்கிறோம்.

இனி, படத்துக்குப் பிறகு. 2017-ல் டெக்ஸாஸ் முடிந்தது. 2018-ல் சத்னாம் கனடா போனார். நியூஃபவுண்ட்லாந்து தீவில், அட்லாண்டிக் குளிரில், செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் என்ற அணி. 2019 அக்டோபரில் என்.பி.ஏ. முதல்முறையாக இந்தியா வந்தது. சேக்ரமென்டோ கிங்ஸும் இண்டியானா பேசர்ஸும் மும்பையில் இரண்டு கண்காட்சி ஆட்டங்கள் ஆடின. நூறு கோடி ரசிகர்களுக்கான கடையைத் திறந்தாயிற்று! அடுத்த மாதமே, இந்திய அணிக்கான பயிற்சி முகாமின்போது எடுத்த சத்னாமின் மாதிரியில் ஹைஜினமைன் என்ற தடை செய்யப்பட்ட பொருள் இருந்ததாக முடிவு வந்தது. இரண்டு வருஷத் தடை. சில உடற்பயிற்சி சப்ளிமென்ட்களில் இது கலந்திருக்கும், ஜாக்கிரதை என்று ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புகளே எச்சரிக்கிற சமாசாரம் அது. லேபிளைப் படித்துச் சொல்ல ஆட்டக்காரன் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். டிராஃப்ட் இரவில் புகைப்படத்துக்கு நிற்க எத்தனையோ பேர் இருப்பார்கள். லேபிள் படிக்கத்தான் ஆள் கிடைக்காது.

2021 செப்டம்பரில் மல்யுத்தக் கம்பெனியில் கையெழுத்து.

மல்யுத்தத்தை மட்டமாகப் பேசுவதாக நினைக்காதீர்கள். அது உழைப்பு, அதில் காசு இருக்கிறது. தன் உடம்பை வைத்துக் கௌரவமாகச் சம்பாதிக்கிறவரைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? என் வருத்தம் வேறு. தொண்ணூறுகளில் மதுரைச் சந்துகளில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டு ஆடாத பையன் கிடையாது. அட்டையில் என்ன இருக்கும்? உயரம், எடை, நெஞ்சளவு, போட்ட சண்டைகள், ரேங்க். அவன் பேசுகிற பாஷை இருக்காது. அவன் அப்பா பெயர் இருக்காது. காளி என்ற பெயரில் நம்ம தலீப் சிங் ராணா அங்கே சாம்பியனானது 2007-ல். அவருக்கும் அந்த அட்டைதான், வீர் மஹானுக்கும் அந்த அட்டைதான், சத்னாமுக்கும் அதே அட்டைதான். படம் எடுத்தவர்களாவது அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்திருக்கலாம்.

‘சரி சார், அப்படிப் பார்த்த படம் ஏதாவது இருக்கா?’ என்று கேட்பீர்கள். இருக்கிறது. ‘தி ஈரான் ஜாப்’, 2012. இது தலைகீழ்க் கதை. அமெரிக்காவிலிருந்து வெளியே போன ஆட்டக்காரன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காத அமெரிக்கர்கள் வருஷா வருஷம் துருக்கி, சீனா, பிலிப்பைன்ஸ், அர்ஜென்டினா என்று நூற்றுக்கணக்கில் மூட்டை கட்டுகிறார்கள். ‘ஓவர்சீஸ்’ என்பது அவர்கள் தொழிலில் ஒரு வார்த்தை. நம்ம ஊரில் ‘துபாய்ல இருக்கான்’ என்போமே, அந்த மாதிரி. ஒரு சீஸனுக்கு ஒப்பந்தம், கொடுக்கிற வீட்டில் ஜாகை, முட்டி போனால் டிக்கெட். கெவின் ஷெப்பர்ட் அவர்களில் ஒருவர். கரீபியன் கடலில் அமெரிக்காவுக்குச் சொந்தமான வர்ஜின் தீவுகளைச் சேர்ந்தவர். 2008-ல் ஈரானின் ஷிராஸ் நகரத்து அணிக்கு ஆடப் போகிறார். அணியோ அப்போதுதான் பெரிய லீகுக்கு ஏறி வந்த கத்துக்குட்டி. இயக்குநர் டில் ஷாடர் பத்திரிகையாளர் அனுமதி கிடைக்காமல், ஒற்றைக் கேமராவை எடுத்துக்கொண்டு டூரிஸ்ட் மாதிரி உள்ளே போய்ப் படம் எடுத்தார்.

இந்தப் படம் கையெழுத்தில் தொடங்குகிறது! அதுதான் விசேஷம். ஒப்பந்தம் ஆகிவிட்டது, இனி பிழைக்க வேண்டும். ஊர் புரிய வேண்டும். செர்பியாவிலிருந்து வந்த இன்னொரு ஆட்டக்காரரோடு ஒரே வீட்டில் காலம் தள்ள வேண்டும். தோற்றுக்கொண்டே இருக்கும் பையன்களை ஒரு ஆட்டமாவது ஜெயிக்கவைக்க வேண்டும். மூன்று ஈரானியப் பெண்கள் அவருடைய நட்பு வட்டத்துக்குள் வருகிறார்கள். வெளியாள் வீட்டில் உட்கார்ந்து பேசுவதே அவர்களுக்கு ஆபத்து; ஆனாலும் வந்து பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், அரசியல் பேசுகிறார்கள். கூடைப்பந்துப் படம் பார்க்க உட்கார்ந்த நாம், 2009-ல் ஈரானியத் தெருக்கள் கொந்தளித்தபோது அந்தப் பெண்களுக்காகக் கவலைப்படுகிறோம். கெவின் உலகப் புகழ் பெறவில்லை. கோடீஸ்வரர் ஆகவில்லை. ஆனால் படம் முடிந்து எழுந்திருக்கும்போது அவரை நமக்குத் தெரியும். சத்னாமை அப்படித் தெரிகிறதா?

புகழ் பெற்ற ஓவர்சீஸ்காரரும் உண்டு. ஸ்டீஃபன் மார்பரி. என்.பி.ஏ.வில் நட்சத்திரமாக இருந்து, பெயர் கெட்டு, 2010-ல் சீனா போனவர். ‘அவ்வளவுதான், ஆள் காலி’ என்றது அமெரிக்கா. பெய்ஜிங் அணிக்கு 2012, 2014, 2015 என்று மூன்று சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். பெய்ஜிங்கில் சிலையே வைத்தார்கள். அவருக்குக் காத்திருந்தது ஒரு லீக், ஒரு ஊர், ஞாயிறுதோறும் சத்தம் போட ஒரு கூட்டம். திறமை எல்லா ஊரிலும் பிறக்கும். அது நின்று ஆடத் தரை வேண்டும்.

இதையெல்லாம் மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஏன் பேச வேண்டும்?

கூடைப்பந்தே அமெரிக்காவிலிருந்து ஓவர்சீஸ் வந்த ஆட்டம்தான். 1891-ல் மாசசூசெட்ஸில் ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டுபிடித்தது, ஒய்.எம்.சி.ஏ.காரர்கள் மூலமாகவே இந்தியாவுக்கும் வந்தது. 1920-ல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கிய ஹாரி பக்கும் அமெரிக்கர்தான். நூறு வருஷமாக நம்மிடம் இருக்கிற ஆட்டம். ஆனால், திருமங்கலத்திலோ வாடிப்பட்டியிலோ ஒரு பையன் ஆறரை அடி வளர்ந்துவிட்டால், ‘பனைமரம்’ என்று பட்டப்பெயர் வைப்பதோடு நம் கடமை முடிந்தது. மீறி ஆட வந்துவிட்டால் அவனுக்கு இருக்கிற பெரிய கனவு என்ன தெரியுமா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை. ரயில்வே, போலீஸ், பேங்க். நம்ம பையனுக்கு ‘ஓவர்சீஸ்’ என்றால் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் கூடைப்பந்து அணிதான்!

சிரிக்க வேண்டாம். 1937-ல் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் தொடங்கிய அந்த வங்கி மாதிரி நிறுவனங்கள்தான் இத்தனை வருஷம் இந்த ஆட்டத்துக்குச் சோறு போட்டவை. இந்திய மகளிர் அணியின் கேப்டனாக இருந்த நம்ம அனிதா பால்துரை, தெற்கு ரயில்வே ஊழியர். 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரைப் பற்றி நெட்ஃப்ளிக்ஸில் படம் வரவில்லை. முதல் தேதி சம்பளம் வந்தது, முட்டி வலித்தால் ரயில்வே ஆஸ்பத்திரி இருந்தது. 52-வது இடத்தில் வந்தவருக்கு இல்லாத உத்தரவாதம்.

அதற்காகப் பையனை வெளிநாடு அனுப்பாதீர்கள் என்று சொல்லவில்லை. இப்போது ஊருக்கு ஊர் அகாடமி, திறமை தேடும் முகாம், ‘உங்க பையனுக்கு எதிர்காலம் இருக்கு சார்’ என்று சொல்ல ஆட்கள். வரட்டும், நல்லதுதான். இஞ்ச் டேப்பை எடுத்து உயரம் அளக்கட்டும். அளந்து முடித்ததும் நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள். இவன் படிப்பை யார் பார்த்துக்கொள்வார்கள்? அடிபட்டால் யார் செலவு? இருபத்தைந்து வயசில் உங்களுக்கு இவன் வேண்டாம் என்று ஆனால் இவன் கையில் என்ன இருக்கும்? பதில் காகிதத்தில் வந்தால் கையெழுத்துப் போடுங்கள். ‘முதல் இந்தியர் சார், சரித்திரம் சார்’ என்று பேச்சு வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சினிமாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கூடைப்பந்தில் நாலு குவார்ட்டர். (மதுரைக்காரர்கள் வேறு மாதிரி நினைக்க வேண்டாம்.) முதல் குவார்ட்டர் முடிந்ததும் ஸ்கோர் போர்டைப் பார்த்துக் கைதட்டிவிட்டு எழுந்து போகிறவரை ரசிகர் என்று சொல்வோமா? இந்த இரண்டு படங்களும் அப்படித்தான் எழுந்து போய்விட்டன. ரிங்குவும் சத்னாமும் மீதி மூன்றையும் தனியாக ஆடினார்கள்.